ஏழாவது கையெழுத்து

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்த மூன்றாவது வாரத்தில், வீட்டுக்குப் பிளான் போட்டுத் தரச் சொல்லி ஒருவர் ஜெப்சியைத் தேடி வந்தார். பெயர் அர்ச்சுனன். பக்கத்துக் கிராமத்தில் சாமை விதைத்து, புளிய மரங்களும் வைத்திருப்பவர். கையில் நான்காக மடித்த நோட்டுத்தாள். அதில் பென்சிலால் இரண்டு அறை, ஒரு சமையலறை, வாசல் எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் அம்புக்குறி.

ஜெப்சியின் கணவர் மரிய அருண் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மனைவிக்கு என்ன வேலை என்று டீக்கடையில் கேட்டவர்களிடம் "ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லியிருந்தார். அதுதான் அர்ச்சுனனை அழைத்து வந்திருந்தது.

தான் வீடு கட்டுகிறவள் இல்லை என்று ஜெப்சி சொன்னாள்.

"அப்போ இன்னாதான் கட்றீங்க?"

"போன்ல ஒரு வெப்சைட்டைத் தொறந்தா, நாம தேடறது எங்க இருக்குதுன்னு சட்டுனு தெரியணும் இல்லீங்களாண்ணா? எதுக்குக் கீழ எது வரணும், எதுக்கு இன்னா பேர் வெக்கணும்னு பார்த்து அடுக்கிக் குடுக்கறது என் வேலை."

"அடுக்கி வெக்கறதுக்கு ஒரு ஆளா?" என்றார் அர்ச்சுனன். கிண்டல் இல்லை. உண்மையாகவே ஆச்சரியம். டீ குடித்துவிட்டு, தாளை மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜெப்சிக்கு வருத்தமில்லை. இந்தக் கேள்வியைப் பல வருடங்களாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்களில் அவளுடைய சொந்த மேலாளர்களும் உண்டு.

அவள் பிறந்தது கணியம்பாடிக்கு அருகே, அமிர்தி போகும் சாலையில் உள்ள ஒரு கிராமத்தில். அப்பா பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகங்களை எண்வாரியாக அடுக்குவது சிறு வயதில் அவள் பொறுப்பு. நூலக அறிவியல் படித்தாள். வேலூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் ஆறு வருடம் இருந்தாள். அங்கே கோப்புகள் டாக்டர்களின் பிரிவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கோப்பு கேட்டு வருகிற நர்சுகளோ நோயாளி வந்த தேதியைத்தான் சொன்னார்கள். ஓர் அலமாரியை மட்டும் தேதி வாரியாக மாற்றிப் பார்க்க அனுமதி வாங்கினாள். அந்த அலமாரிக் கோப்புகள் மட்டும் சீக்கிரம் கிடைத்தன. தனக்கு வருவது இதுதான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பது தெரியவில்லை.

பிறகு சென்னையில், மற்ற நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். படம் வரைய ஒரு குழு, புரோகிராம் எழுத ஒரு குழு. இரண்டுக்கும் நடுவில் இவள். வருடா வருடம் வேறொரு குழுவில் உட்கார வைத்தார்கள். அவள் செய்த வேலையை வருட இறுதியில் வரைகிறவர்கள் தங்களுடையது என்றார்கள். தன் வேலை எது என்று சொல்லத் தெரியாதவளால், அது இன்னொருவருடைய வேலை இல்லை என்றும் வாதிட முடியவில்லை.

2017இல் ஒரு மதியம். ஒரே பொருளை இரண்டு தலைப்புகளின் கீழ் வைக்கலாமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். இணையத்தில் தேடியபோது, எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர் அதே சந்தேகத்தை அச்சு அசலாகக் கேட்டிருந்தார். கீழே பதினான்கு பேர் பதில் எழுதியிருந்தார்கள். பதில்களில் சண்டை வேறு. அவள் எல்லாவற்றையும் படித்தாள். தன் வேலையைச் செய்கிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. அந்தப் பக்கம் தகவல் கட்டமைப்பாளர்களின், அதாவது இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்டுகளின், உலக சங்கம் ஒன்றுக்குச் சொந்தம். சென்னையில் அதற்கு ஒரு கிளையும் இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனாள். ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த பயிற்சி அறை. வந்திருந்தவர்கள் இவளோடு சேர்த்து ஏழு பேர். காட்பாடியைச் சேர்ந்த தமிழரசி ஒரு வங்கியின் மொபைல் செயலியில் வேலை பார்த்தாள். சைலஸ் என்பவர் ஒரு ஜவுளிக்கடையின் இணையக் கடைக்குப் புடவைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்க்காரர், நாற்பதை நெருங்குகிறவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

கிளைக்கு ஒரு விதி இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, முறை வந்தவர் தன்னால் சரி செய்ய முடியாத ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நன்றாக முடிந்து பாராட்டு வாங்கிய வேலைக்கு அங்கே இடமில்லை. அவர் பேசும் இருபது நிமிடம் யாரும் குறுக்கிடக் கூடாது. அதன்பின் கேள்விகள். ஆறுதல் கிடையாது.

சங்கம் அவளுக்கு வேறு சிலவும் கொடுத்தது. வேலை எடுக்கும்போது போடவேண்டிய ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்று இருந்தது. பயன்படுத்தப் போகிறவர்களிடம் காட்டிப் பார்க்க அவகாசம் தந்தே ஆகவேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. இந்த வேலை எதிலிருந்து எதுவரை என்று ஒரே பக்கத்தில் கிளை எழுதிய விளக்கத்தை அவள் மேலாளரின் மேசையில் வைத்தாள். மறு வருடம் அடையாள அட்டையில் பதவிப் பெயர் இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்ட் என்று மாறியது. அந்த அட்டையின் படத்தை அவள் அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போட்டோ நன்றாக விழவில்லை என்றார்.

2021இல் மரிய அருணுக்கு மலையில் வேலை கிடைத்தது. ஜெப்சி கம்பெனியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஒப்பந்த வேலைகளை எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனில் வந்தாள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். மழை வந்தால் குடை. மலையில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவள் வேலையைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடிந்தது அந்த நாற்காலியில் மட்டுமே.

இரண்டு வருடம் கழித்து அருணா வந்தார். திருப்பத்தூரில் இயங்கிய ஒரு சிறிய தொண்டு அறக்கட்டளையில் அவர் ஒருங்கிணைப்பாளர். ஜெப்சியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மலைக்கிராமங்களின் மண்சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டிக் காய்ப்பேறிய கைகள். அவருடைய அறக்கட்டளை மலை மக்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை நடத்தியது. ஓர் எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் பேசும். மருத்துவத்துக்கு ஒன்று, கல்விக்கு இரண்டு, வேளாண்மைக்கு மூன்று என்று எட்டு எண்கள். அழைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையும் அழுத்தாமலே வைத்துவிடுகிறார்கள் என்றார் அருணா. பாமர மக்கள், பொறுமை இல்லை, குரலைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய கணிப்பு.

ஜெப்சி வேலையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் எட்டை நான்காக்கினாள். உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், ஆவணங்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒன்றோடு ஒன்று மோதாத நான்கு பெட்டிகள். அருணாவுக்கும் பிடித்திருந்தது. சேவை அப்படியே மாற்றப்பட்டது.

ஒரு மாதம் கழித்து வந்த கணக்கில் எதுவும் மாறவில்லை. அழைத்தவர்கள் முன்போலவே வைத்துவிட்டுப் போனார்கள். அழைப்பவர்களின் சம்மதத்தோடு சில அழைப்புகளைப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்றில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கிறாள்: "வாழ்வாதாரம்னா யாரு?" அதோடு அழைப்பு நின்றுவிடுகிறது. ஜெப்சி அதை மூன்று முறை கேட்டாள்.

அந்த மாதம் கூட்டத்தில் அவள் முறை. தொட்டியருகே உட்கார்ந்து இருபது நிமிடமும் பேசினாள். மலையில் மூன்று மாவட்டங்கள் சந்திப்பது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் அதிகம் என்பது, சிக்னல் இல்லாதது, எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் முதலில் பேசியவர் சைலஸ்.

"இந்த நாலு தலைப்பை யார்கிட்ட காட்னீங்க?"

அருணாவிடம் காட்டியதாகச் சொன்னாள்.

"அவங்க போன் பண்றவங்க இல்லையே. பண்றவங்க யார்கிட்ட?"

"நான் இங்கதான சார் இருக்கேன். ரெண்டு வருஷமா இவங்களோடதான் இருக்கேன்."

"நீங்க வாத்தியார் வீட்ல இருக்கீங்க, ஜெப்சி."

அவள் போனை வைத்துவிட்டாள். கூட்டத்தின் நடுவில் அப்படி யாரும் போனதில்லை. சிக்னல் போய்விட்டது போல என்று தமிழரசி மற்றவர்களிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அன்றும் மறுநாளும் ஜெப்சிக்குக் கோபம் தணியவில்லை. சைலஸ் மலையைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று கணவரிடம் சொன்னாள். மரிய அருண் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவள் சங்கத்தின் ஒப்பந்த மாதிரியைத் திறந்தாள். இந்த வேலைக்கும் அதையேதான் போட்டிருந்தாள். பயன்படுத்தப் போகிறவர்களிடம் காட்டவேண்டும் என்ற ஷரத்து, அவள் கையெழுத்துக்கு இரண்டு வரி மேலே இருந்தது. அருணா அவகாசம் தர மறுக்கவில்லை. இவள்தான் கேட்கவே இல்லை. கணியம்பாடிப் பக்கம் மலையடிவாரத்தில் பிறந்தவளுக்கு மலை தெரியாமலா இருக்கும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். சிறுவயதில் அமிர்தி அருவிக்குச் சுற்றுலா வந்ததைத் தவிர, கணவரின் வேலைக்காக மலையேறும்வரை அவள் மேலே வந்ததே இல்லை.

சைலஸுக்கு ஒரு வரி எழுதினாள்: நீங்கள் கேட்டது சரி. அவர் பதிலுக்கு, ஆட்களைக் கொண்டு பொருள்களைப் பிரிக்க வைப்பது எப்படி என்று கிளை வைத்திருந்த நாலு பக்கக் குறிப்பை அனுப்பினார்.

குறிப்பில் சொன்னபடி முதலில் அட்டைகள் செய்தாள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல். அது ஒத்துவராது என்று அவளுக்கே தெரிந்து படம் வரைந்தாள். ஆட்டுப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் சந்தை என்றார், ஒருவர் கோயில் என்றார், ஒருவர் இது நாய்தானே என்றார். கடைசியில் பொருள்களையே எடுத்தாள். மாத்திரை அட்டை, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டின் நகல், சாதிச் சான்றின் நகல், பேங்க் பாஸ்புக், ஹாஸ்டல் விண்ணப்பம், ஆட்டுக் கயிறு, ஒரு புளியங்கொத்து, விதைச் சாமை ஒரு கை. மொத்தம் இருபத்திரண்டு.

வாரச்சந்தை அன்று பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். ஏதோ விற்கிறாள் என்று இரண்டு பேர் விலை கேட்டார்கள். முதலில் உட்கார்ந்தவர் அர்ச்சுனன். ஒன்றோடு ஒன்று சேர்கிறதை ஒரே இடத்தில் வையுங்கள், எப்படிச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம் என்று மட்டும் ஜெப்சி சொன்னாள்.

அவர் தடுப்பூசி அட்டையையும் ரேஷன் கார்டையும் ஆட்டுக் கயிற்றையும் ஒன்றாக வைத்தார். பாஸ்புக்கைக் கொண்டுபோய்ப் புளியங்கொத்தின் மேல் வைத்தார். புரியவில்லையோ என்று நினைத்து அவள் மறுபடி விளக்க வாயெடுத்தாள். குறுக்கே பேசக் கூடாது என்று குறிப்பில் இருந்தது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டாள். அவர் பிரித்து முடித்த பின்புதான் காரணம் கேட்டாள்.

"இதெல்லாம் இங்கியே ஆவும். இதுக்கெல்லாம் கீழ எறங்கணும்" என்றார் அர்ச்சுனன், ஒவ்வொரு குவியலாகக் காட்டி.

மலையில் இருக்கிற ஒருவருக்கு அதுதான் முதல் பிரிவு. மருத்துவமா கல்வியா என்பது அதற்குப் பிறகு. கீழே இறங்குவதென்றால் ஒரு நாள் வேலை போகும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் இறங்குவது என்று பார்க்க வேண்டும். அவர் எழுந்ததும் அடுத்தவர் உட்கார்ந்தார். அன்று பதின்மூன்று பேர் பிரித்தார்கள். பத்துப் பேர் ஏறக்குறைய அதே மாதிரி பிரித்தார்கள்.

ஆறாவதாக உட்கார்ந்தவர் சாந்தம்மாள். தேன் விற்க வந்த, ஐம்பது வயதுப் பெண். அவரும் இரண்டாகத்தான் பிரித்தார். ஆனால் சாதிச் சான்று, ஹாஸ்டல் விண்ணப்பம், கண் சொட்டு மருந்து, முதியோர் பென்ஷன் தாள் நான்கையும் எதிலும் சேர்க்காமல் தனியாகத் தள்ளி வைத்தார்.

"இது எந்தக் குவியல், அக்கா?" என்று ஜெப்சி கேட்டாள்.

"இதுக்கு ஒரு வாட்டி இங்கியே வர்றாங்க. ஒரு வாட்டி கீழ வான்றாங்க. போய்ட்டு சும்மா திரும்பி வர்றது இதுக்குத்தான்."

ஜெப்சி எழுதிக்கொண்டாள். சாந்தம்மாள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டவர், நின்று இன்னொன்றும் சொன்னார்: "மத்த ரெண்டுக்கும் நாங்க எதுக்குமா போன் பண்ணப்போறோம்? எங்க போவணும்னு எங்களுக்கே தெரியும். தெரியாதது இதான்."

முன்பு பிரித்தவர்களில் இன்னும் சந்தையில் இருந்த நான்கு பேரைத் தேடிப் பிடித்து ஜெப்சி மறுபடி கேட்டாள். எது இங்கே, எது கீழே என்று சந்தேகமாக இருக்கிற பொருள்கள் எவை? நான்கு பேரும் கிட்டத்தட்ட அதே பொருள்களைக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, தன் நான்கு தலைப்புகளை அடித்தது.

புதிய ஏற்பாட்டில் தலைப்புகளே இல்லை. எண்ணை அழைத்தால் முதலில், இந்த வாரம் யார் மேலே வருகிறார்கள், எந்த நாள், எந்த இடம் என்று குரல் சொல்லும். கண் டாக்டர், சான்றிதழ் முகாம், கால்நடை மருத்துவர். கீழே போவதென்றால் என்னென்ன தாள் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்க ஒன்று. ஆளிடம் பேச இரண்டு. அவ்வளவுதான்.

அருணா இதை ஏற்கவில்லை. பணம் தருகிற அமைப்புக்கு மருத்துவம் இத்தனை, கல்வி இத்தனை என்று அவர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். துறைகளை எடுத்துவிட்டால் எதை அனுப்புவது? தவிர, யார் எப்போது மேலே வருகிறார்கள் என்பதை வாராவாரம் யார் விசாரித்துச் சொல்வது? இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள் ஜெப்சி. தமிழரசி தன் வங்கியில் செய்திருந்த ஒரு வழியைச் சொன்னாள். கேட்கிறவர் காதுக்கு ஓர் அடுக்கு, அலுவலகத்துக்கு உள்ளே இன்னோர் அடுக்கு. ஒவ்வொரு தகவலுக்கும் உள்ளே துறைப்பெயர் ஒட்டியிருக்கும், அழைப்பவருக்கு அது கேட்காது. அந்தப் பட்டியலை அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது கேள்விக்குச் சங்கத்திடம் விடை இல்லை. அருணாதான் வாராவாரம் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தார். முதல் மாதம் முழுக்க முனகிக்கொண்டே செய்தார்.

மூன்று மாதத்தில் அழைப்பவர்களில் பாதிக்கும் மேல் கடைசிவரை கேட்டார்கள். கேட்டுவிட்டு, கீழே போளூருக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள் சிலர் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். முகாம் மறுநாள் மேலேயே என்று தெரிந்துவிட்டதால். மழைக்காலத்தில் செல்போன் கோபுரம் வேலை செய்யாத நாள்களில் சேவையும் இல்லை. அதற்கு ஜெப்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த வருடம், 2024இல், உலக சங்கத்தின் தலைமையிடமிருந்து உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. உறுப்பினர்கள் குறைந்துவிட்டார்கள், பொறுப்பெடுத்துச் செய்ய ஆளில்லை, டிசம்பரோடு சங்கத்தைக் கலைக்கிறோம். நன்றி. பழைய விவாதங்கள் கொஞ்ச காலம் இணையத்தில் இருக்கும். ஜெப்சி முதலில் செய்தது, அந்தப் பதினான்கு பதில்களும் இருந்த பக்கத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டது.

சென்னைக் கிளையில் அப்போது ஒன்பது பேர். வாட்ஸாப் குழு இருக்கிறதே, போதாதா என்றார்கள் இரண்டு பேர். ஜெப்சி வழக்கமாகக் கூட்டங்களில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள். வாட்ஸாப்பில் காலை வணக்கம் வரும், வேலைவாய்ப்பு வரும், ஆனால் தன்னால் முடியாததை யாரும் அங்கே போடப்போவதில்லை என்றாள். முறை என்று ஒன்று இருந்ததால்தான் தானும் அந்த நான்கு தலைப்புகளைக் கொண்டுவந்தாள். இல்லாவிட்டால் மறைத்திருப்பாள். முறை வைக்க ஒரு சங்கம் வேண்டும்.

சொந்தமாகப் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. அலுவலகத்துக்கு வாடகை இல்லாமல் தமிழரசியின் காட்பாடி வீட்டு முகவரியையே கொடுத்துவிடலாம். பெயருக்காக மூன்று வாரம் வாதம் நடந்தது. கடைசியில் தகவல் ஒழுங்கமைப்பாளர் சங்கம் என்று நின்றது. பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது பேரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இரண்டு பேருக்கு அவர்கள் கம்பெனியில் அனுமதி கிடைக்கவில்லை. மிச்சம் ஆறு.

ஏழாவதாக ஜெப்சி சொன்ன பெயர் அருணா.

சைலஸ் ஒப்புக்கொள்ளவில்லை. விதிகளை எழுதும் பொறுப்பு அவருடையது. நூலகம், வடிவமைப்பு போன்ற ஒன்றில் பட்டம், அல்லது பதவிப் பெயர், இரண்டில் ஒன்று இருக்கவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அருணாவுக்கு இரண்டும் இல்லை. கையெழுத்துக் குறைகிறது என்பதற்காக ஆளைப் பிடித்துப் போட்டால் நாளைக்கு இந்தச் சங்கத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். ஜெப்சிக்கு அந்த வாதம் தப்பு என்றும் படவில்லை. பதவிப் பெயர் கிடைக்க அவள் பட்டபாடு அவளுக்குத் தெரியும். தமிழரசிதான் நடுவில் ஒரு வழி சொன்னாள். பட்டத்தைப் பார்க்க வேண்டாம், சேர விரும்புகிறவர் தான் அடுக்கிய ஒன்றைக் கொண்டுவரட்டும், பயன்படுத்துகிறவர்கள் சொன்னதைக் கேட்டு அதில் தானே மாற்றிய ஒன்றையும் காட்டட்டும். சைலஸ் யோசித்துவிட்டு, இது தான் எழுதியதைவிடக் கடினமான விதி என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

ஜெப்சி திருப்பத்தூருக்குப் போய் அருணாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். நான் என்ன அடுக்கினேன், எல்லாம் நீங்கள் செய்ததுதானே என்றார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

கலசப்பாக்கம் பக்கம் இறங்குகிற குக்கிராமங்களிலிருந்து வந்த அழைப்புகள் ஆறு மாதம் முன்பு திடீரென்று குறைந்திருக்கின்றன. அருணா ஸ்கூட்டரில் அங்கே போய்க் கேட்டிருக்கிறார். ஜமுனாமரத்தூருக்கு டாக்டர் வருகிறார், வந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு அங்கே போவதைவிடக் கீழே இறங்குவது பக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சமாசாரம் வருவதற்குள் போனில் காசு தீர்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னாராம். அன்றிலிருந்து அருணா அறிவிப்பை பஸ் வழித்தடம் வாரியாக மூன்றாகப் பிரித்து, அழைப்பவரின் ஊருக்குத் தக்கபடி அவரவர் தடம் முதலில் வரும்படி மாற்றியிருந்தார். ஒவ்வொரு தடத்திலும் யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு நோட்டில் இருந்தது.

"இதை என்கிட்ட சொல்லவே இல்லையே மேடம்" என்றாள் ஜெப்சி.

"உங்க வேலையில கை வெச்சிட்டேன்னு கோச்சுக்குவீங்களோன்னு இருந்திச்சி."

கொஞ்சம் கோபம் வரத்தான் செய்தது. தான் செய்த அமைப்பில் அப்படி ஓர் ஓட்டை இருந்தது தனக்குத் தெரியாமல் போனதில் வந்த கோபம். மலையிறங்கும் மூன்று வழிகளில் மூன்றாவது வழிக்கு அவள் போனதே இல்லை. நோட்டை வாங்கி இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். தடங்களைப் பிரித்த விதத்தில் அவள் ஒரு குறையைத் தேடினாள், கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்று மரிய அருணிடம் அன்று சொன்னாள்.

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை அருணா ஜெப்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்து இருபது நிமிடம் பேசினார். சைலஸ் ஐந்து கேள்வி கேட்டார். எந்தத் தடத்திலும் சேராத ஊர் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. இரண்டு இருப்பதாக அருணா சொன்னார், அவற்றுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னார். "அப்படின்னா அடுத்த முறைக்கு உங்ககிட்ட விஷயம் இருக்கு" என்றார் சைலஸ். சேர்த்துக்கொண்டோம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

2025 மார்ச்சில் ஏழு பேரும் வேலூரில் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மனுவை வாங்கிய ஊழியர் பெயரைப் படித்துவிட்டு, இது இன்னா சங்கம் என்று கேட்டார். தமிழரசி தயாராக வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுக்கும் முன் அருணா முந்திக்கொண்டார். "ஆளுங்க தேடி வர்றது சீக்கிரம் கெடைக்கிற மாதிரி வெக்கிறவங்க சங்கம் சார்" என்றார். ஊழியர் தலையாட்டிவிட்டு, நோக்கங்கள் என்ற இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் காட்டினார். அதைப் பூர்த்தி செய்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகப் போட்டவர் அருணா. பேனா எழுதவில்லை என்று சைலஸ் தன்னுடையதைக் கொடுத்தார்.

இப்போது உறுப்பினர்கள் பத்தொன்பது பேர். ஆறு பேர் மருத்துவமனைப் பதிவேட்டு அறைகளிலும் நூலகங்களிலும் வேலை செய்கிறவர்கள். உலக சங்கம் இருந்தபோது இந்த ஆறு பேரில் யாரும் அதில் இல்லை. சைலஸ் தலைவர். ஜெப்சி செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது அவளுக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் மறுநாளே எழுதி அனுப்பிவிடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் கூடுகிறார்கள். சென்ற முறை திருப்பத்தூரில், அருணாவின் அலுவலக மாடியில். ஒரு கல்லூரி நூலகர் தன் புத்தக வரிசையில் மாணவர்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தவிப்பதைக் கொண்டுவந்திருந்தார். பேச்சு மதியம் இரண்டு மணிவரை போனது. சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த மெஸ்ஸிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பற்றி ஜெப்சி நினைவூட்டிய பிறகுதான் எழுந்தார்கள்.